சாவி போனால் போதாது, பெயரும் போக வேண்டும்: பழைய கார் விற்பவருக்கு ஒரு விளக்கம்

ஒரே காருக்கு ஒரே நாளில் இரண்டு விலை கேட்பார்கள். பாளையங்கோட்டையில் பக்கத்துத் தெருக்காரர் 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பார். பைபாஸ் ரோட்டுக் கன்சல்டிங்கில் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் ஏற மாட்டார்கள். முதல்முறை கார் விற்பவருக்கு இந்த 50 ஆயிரம் கண்ணை உறுத்தும். கன்சல்டிங்காரர் அடித்துப் பிடுங்குகிறார் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு வேலைக்கான கூலி. வேலையை நீங்களே பார்த்தால் பணம் உங்களுக்கு, அவர் பார்த்தால் அவருக்கு. அது என்ன வேலை, எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொண்டால் எந்தப் பக்கம் போவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

(வெளியூர்க்காரர்களுக்கு: பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்கு இந்தப் பக்கம் கன்சல்டிங் என்று பெயர். ஆலோசனை எதுவும் அங்கே கிடைக்காது.)

அந்த 50 ஆயிரம் எங்கே போகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். கடைக்காரர் உங்கள் பெட்ரோல் ஸ்விஃப்டை 3,80,000-க்கு வாங்கி 4,40,000-க்கு விற்கிறார். இடையில் நிற்பது 60,000. வண்டி இரண்டு மாதம் கடையில் நின்றால், மாதம் ஒன்றரை வட்டிக்கு அந்தப் பணத்துக்கு 11,400 போய்விடும். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தால் 9,000. உள்ளே வெளியே கழுவி பாலிஷ் போட 4,000. ஆள் கூட்டிவந்த புரோக்கருக்கு 5,000. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடையென்றால் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளிக்கு 18 சதவீதம் வரி. 2025 ஜனவரி முதல் சின்ன கார், பெரிய கார் எல்லாவற்றுக்கும் அதே சதவீதம்தான். இங்கே அது ஏறத்தாழ 9,000. மிச்சம் 21,600. இடத்து வாடகை, பையன் சம்பளம், வாங்கியவர் பத்தாவது நாள் "கிளட்ச் போச்சு அண்ணாச்சி" என்று வந்து நின்றால் அதற்கான செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

தனிநபராக உங்கள் சொந்தக் காரை நீங்கள் விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் மூலதன ஆதாய வரியும் வராது. தொழில் கணக்கில் காட்டித் தேய்மானம் எடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆக, நேரடியாக விற்றால் 50 ஆயிரம் கூடுதலாகக் கிடைக்கலாம். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது பத்துப் பதினைந்து பேருக்கு வண்டியைக் காட்டும் நேரம், ஒரு மாதப் பொறுமை, பெயர் மாறும்வரை கண்காணிக்கும் வேலை. 2 லட்சத்துக்குக் கீழ் போகும் பழைய வண்டிக்கு இந்த இடைவெளி 15 ஆயிரம், 20 ஆயிரம்தான் இருக்கும். அதற்காக ஒரு மாதம் போனில் மாட்டிக்கொள்வது தேவையா என்பது உங்கள் நேரத்தின் விலையைப் பொறுத்தது. 4 லட்சத்துக்கு மேல் போகிற, ஒரே ஓனர் ஓட்டிய, சர்வீஸ் ரசீதெல்லாம் இருக்கிற காரென்றால் நேரடி விற்பனைக்கு மெனக்கெடலாம்.

நான்கு வழிகள், ஒன்றில் மட்டும் கூடுதல் கவனம்

நேரடி விற்பனையும் கன்சல்டிங்குக்கு மொத்தமாகக் கொடுப்பதும் மேலே பார்த்தவை. புது கார் எடுக்கும் ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போடுவது மூன்றாவது. அங்கே பழைய காருக்கான மதிப்பு, எக்ஸ்சேஞ்ச் போனஸ், புது காருக்கான தள்ளுபடி மூன்றையும் குழைத்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். மூன்றையும் தனித்தனியாகத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழையது இல்லாமல் வந்தால் புது காரின் விலை என்ன என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பழைய வண்டிப் பேச்சை எடுப்பது நல்லது.

நான்காவதுதான் சிக்கல் பிடித்தது. கன்சல்டிங்கில் வண்டியை நிறுத்தி வைத்து, விற்றால் கமிஷன் என்று பேசிக்கொள்வது. பணம் கைக்கு வரவில்லை, ஆனால் சாவி போய்விட்டது. வருகிறவர் போகிறவரெல்லாம் ஓட்டிப் பார்ப்பது உங்கள் பெயரில் இருக்கும் வண்டியை, உங்கள் இன்சூரன்ஸில். கடைப் பையன் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்கு எடுத்துப் போனாலும் உங்களுக்குத் தெரியாது. இப்படி விடுவதென்றால் மீட்டர் கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து, அதை எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்கி, 30 நாள், 45 நாள் என்று கெடு வையுங்கள்.

இதற்கென்றே மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் கடை, ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். நீங்கள் வண்டியை ஒப்படைக்கும்போது இருவரும் சேர்ந்து 29சி என்ற பாரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் அந்த நேரத்திலிருந்து கடைக்காரரே வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார். டெஸ்ட் டிரைவ், சர்வீஸ், பெயின்ட் வேலை போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அவர் வண்டியை ரோட்டில் எடுக்கலாம். அதற்கும் பயணப் பதிவேடு வைக்க வேண்டும். எனவே கன்சல்டிங்கில் உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அங்கீகாரச் சான்று இருக்கா அண்ணாச்சி? 29சி போட்டுத் தருவீங்களா?" பதில் மழுப்பலாக வந்தால், மொத்தப் பணமும் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பெயர் மாறவில்லை என்றால் என்ன ஆகும்

மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை, பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. வண்டி பல கை மாறிப் போயிருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் மாறாத நிலையில் விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பதிவில் இருக்கும் பழைய ஓனர்தான். கேமரா அபராதம், சரக்கு கடத்தல் வழக்கு, போலீஸ் விசாரணை எல்லாமே முதலில் அந்தப் பெயரைத் தேடித்தான் வரும்.

அப்புறம் ஏன் பலர் பெயர் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? சோம்பல் ஒரு காரணம், வியாபாரம் இன்னொன்று. உங்களிடம் தேதியும் பெயரும் எழுதாத பாரங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால், இடையில் வாங்குகிறவர் தன் பெயரில் மாற்றாமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஏறாது. மூன்றாவது ஓனர் வண்டி இரண்டாவது ஓனர் வண்டியாகவே விலை பேசப்படும். அந்த லாபம் அவர்களுக்கு. அதுவரை உங்கள் பெயர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். "ஓப்பன் கையெழுத்து போட்டுக் கொடுங்க, எல்லாரும் அப்படித்தான் கொடுக்காவ" என்று சொன்னால், அந்த "எல்லாரும்" கூட்டத்தில் சேராதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி மூன்றும் எழுதிய பாரத்தில்தான் கையெழுத்து.

விளம்பரம் போடும் முன் காகிதங்கள்

ஆர்.சி. கார்டை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலோர் வாங்கிய நாளோடு சரி, அப்புறம் அதைப் பார்ப்பதே இல்லை.

முதலில் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு. கடன் எப்போதோ கட்டி முடித்திருப்பீர்கள். ஆனால் வங்கியின் பெயர் ஆர்.சி.யில் அப்படியே இருக்கும். தவணை முடிந்தால் அதுவாகப் போய்விடும் என்று நினைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு. வங்கியிடம் தடையில்லாச் சான்றும், கையெழுத்து முத்திரையோடு பாரம் 35 இரண்டு படியும் வாங்கி ஆர்.டி.ஓ.வில் ரத்து செய்ய வேண்டும். வங்கிச் சான்று பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும். வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் மறுபடி அலைச்சல்.

அடுத்து மொபைல் எண். பெயர் மாற்ற விண்ணப்பம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் போகும்போது, ஆர்.சி.யோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அப்பா பெயரில் வண்டி, எண் பத்து வருடம் முன்பே செத்துப்போன சிம் என்றால் வேலை அங்கேயே நிற்கும். ஓனர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தாலும் இதே பாடுதான். விளம்பரம் போடும் முன்பே எண்ணைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஓனர் இறந்துவிட்டார் என்றால் மகனோ மனைவியோ நேராக விற்க முடியாது. முதலில் பாரம் 31 வழியாக, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் கேட்பார்கள். இறந்து 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால் மூன்று மாதம் வரை அந்த வண்டியை ஓட்டலாம் என்று சட்டமே இடம் தருகிறது.

அபராத பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். புகைச் சான்றும் இன்சூரன்ஸும் உயிரோடு இருக்க வேண்டும். பதிவாகி 15 வருடம் நெருங்கிய காரென்றால், எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு விற்பதா, அப்படியே குறைத்துக் கொடுப்பதா என்று கணக்குப் போடுங்கள். டிங்கரிங் வேலை அதிகம் பிடிக்கும் வண்டிக்கு அப்படியே கொடுப்பது லாபம். 10 வருட டீசல் வண்டியை ஓட்ட முடியாது என்று சொல்லி விலையை அடிக்கப் பார்ப்பார்கள். அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு உரியது, நம் ஊருக்கு இல்லை.

விலை

இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி.யைத்தான் பலர் விலை என்று நினைக்கிறார்கள். அது இன்சூரன்ஸ் கம்பெனி அட்டவணைப்படி போடும் தேய்மானக் கணக்கு: மூன்றாம் வருடத்தில் 30 சதவீதம், நான்காம் வருடத்தில் 40, ஐந்தாம் வருடத்தில் 50 என்று வெட்டிக்கொண்டே போகும். சந்தைக்கும் அதற்கும் உறவு கம்மி.

அதே மாடல், அதே எரிபொருள், அதே வருடம், முன்னே பின்னே 20 ஆயிரம் கிலோமீட்டர் என்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் விளம்பரங்களில் பத்துப் பார்த்து எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் விளம்பரங்களைத் தூக்கிவிடுங்கள். அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். மிச்சம் இருப்பதில் நடு விலையிலிருந்து ஒரு 5 சதவீதம் கழித்தால், கை மாறும் விலை ஏறத்தாழ வந்துவிடும். கூடவே இரண்டு கன்சல்டிங்கில் காட்டி, அவர்கள் என்ன தருவார்கள் என்று கேட்டு வையுங்கள். அது உங்கள் அடிமட்டம்.

வருடம் என்றால் பதிவு வருடமா, தயாரிப்பு வருடமா? ஆர்.சி.யில் இரண்டும் இருக்கும். விவரம் தெரிந்தவர் தயாரிப்பு மாதத்தைத்தான் பார்ப்பார். டிசம்பரில் தயாரித்து ஜனவரியில் பதிந்த வண்டியை ஒரு வருடம் கூட்டிச் சொன்னால் பேச்சு அங்கேயே முறியும். நம்பரும் பேசும். டி.என். 72, 76 என்ற உள்ளூர் எண்ணுக்கு இருக்கும் கிராக்கி வெளிமாநில எண்ணுக்கு இருக்காது.

காலமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்க வீட்டில் பெரியவர்கள் விட மாட்டார்கள். அந்த மாதங்களில் போன் வருவது பெரும்பாலும் கன்சல்டிங்கிலிருந்துதான். ஆடியில் மலிவாக எடுத்து ஆவணி முகூர்த்தத்தில் விற்பார்கள். ஜனவரி பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். ஆகவே வருடக் கடைசியில் விற்க நினைப்பவர் கார்த்திகைக்குள் முடித்துவிட வேண்டும். மார்கழி தாண்டித் தையில் நல்ல ஆள் வரலாம், ஆனால் அப்போது "மாடல் ஒரு வருசம் பழசாயிட்டே" என்று ஆரம்பிப்பார்கள்.

வருகிறவர் கூட்டிவரும் மெக்கானிக் எங்கே கைவைப்பார்

இதைத் தெரிந்துகொண்டால் எதற்குச் செலவு செய்வது, எதற்குக் கூடாது என்பது விளங்கும். அவர் வரும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பேனட்டில் கைவைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று முடிவு கட்டிவிடுவார். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பால் போல வெண்மையாகப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது. டீசல் வண்டியில் என்ஜின் ஓடும்போதே மூடியைத் தளர்த்தி, புகை அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பேனட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் விரிசல் விட்டிருந்தால் கழற்றி மாட்டியது. கதவு ரப்பர் பீடிங்கை விரலால் இழுத்து, கம்பெனியில் அடித்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று நோட்டம் விடுவார். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண்: 3221 என்றால் 2021-ஆம் வருடம் 32-ஆவது வாரம். 2022 வண்டியில் ஒரு டயர் மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் என்று கேட்பார். சரியான பதில் வைத்திருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே மிதிப்பார்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மத்தியான வெயிலில் ஏ.சி. போட்டு நிறுத்திப் பார்ப்பார்கள். நிற்கும்போது குளிர்ச்சி குறைந்தால் கண்டன்ஸர் ஃபேனோ கேஸோ.

எனவே செலவு செய்ய வேண்டியவை: கழுவுவது, உள்ளே துடைப்பது, எரியாத பல்பு, வைப்பர் ரப்பர், செத்த பேட்டரி, ஏ.சி. கேஸ். செய்யக் கூடாதது: புது பெயின்ட். சின்னக் கீறலை மறைக்க ஒரு கதவு முழுக்க அடித்தால், அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டி எவ்வளவு இருக்கிறதோ என்று சந்தேகம் வரும். ஒரிஜினல் பெயின்டில் இருக்கும் கீறல், புது பெயின்டின் பளபளப்பைவிட நல்ல விலை தரும். நான்கு டயரையும் மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள். போட்ட பணத்தில் பாதி திரும்பினாலே அதிசயம்.

மீட்டரைக் குறைக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். கம்பெனி சர்வீஸில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும்; வாங்குபவர் வண்டி எண்ணைச் சொல்லிச் சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடையும்.

தாமிரபரணிக் கரையில் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: "2023 வெள்ளத்துல நின்ன வண்டியா?" அந்த டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஜங்ஷன் தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி வரை தண்ணீரில் நின்ற கார்கள் நிறைய. அவற்றில் பல துடைக்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்தன. வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்கச் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தால் போதும். உள்ளே சுருண்டிருந்த பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி எடுத்துவிட்டு அந்தக் குழியின் ஓரங்களில் விரல் விட்டால் வண்டல் மண் ஒட்டும். சீட்டை மாட்டியிருக்கும் போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்தது இரண்டும் பிற அடையாளங்கள். உங்கள் வண்டி அப்படி நின்றதில்லை என்றால், கேட்கும் முன்பே நீங்களே பெல்ட்டை இழுத்துக் காட்டிவிடுங்கள். நின்ற வண்டி என்றால் சொல்லிவிட்டு, என்ன வேலை பார்த்தது என்ற ரசீதோடு விலையைக் குறைத்துப் பேசுங்கள். மறைத்தால் ஆறு மாதத்தில் ஒயரிங் காட்டிக்கொடுக்கும். அவருக்கு உங்கள் வீடு தெரியும்.

உவரி, திருச்செந்தூர் மாதிரிக் கடலோர ஊரில் நின்ற வண்டிக்கு அடிப்பாகத் துரு. சைலன்சர், சஸ்பென்ஷன் ஆர்ம், கதவின் அடி விளிம்பு மூன்றையும் குனிந்து பார்த்துவிட்டு, அதற்கேற்ப விலை சொல்வது நல்லது.

பேச்சும் பணமும்

போனில் "கடைசியா என்னதான் சொல்லுதிய அண்ணாச்சி?" என்று கேட்பவருக்கு விலையைக் குறைக்காதீர்கள். வண்டியைப் பார்க்காமல் கடைசி விலை கேட்பவர், பார்த்தபின் அதற்கும் கீழே கேட்பார். "வந்து பாருங்க, பிடிச்சா பேசி முடிச்சிக்கிடுவோம்" என்பது போதும்.

ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன், கியூ.ஆர். அனுப்புகிறேன் ஸ்கேன் பண்ணுங்கள், பணம் ஏறிவிடும் என்று ஒருவர் பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, யு.பி.ஐ. பின்னும் தேவையில்லை. அந்த எண்ணைப் போட்டால் பணம் போகத்தான் செய்யும்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். டோக்கன் அட்வான்ஸ் 5 ஆயிரமோ 10 ஆயிரமோ வாங்கும்போது, எந்தத் தேதிக்குள் முழுப்பணம், வராவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதை எழுதாமல் விட்டுத்தான் பாதிச் சண்டை.

மிச்சப் பணம் வங்கி வழியாக வருவதே நல்லது. ஆர்.டி.ஜி.எஸ். 2 லட்சத்துக்கு மேல் எந்நேரமும் போகும். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே விற்பனைக்கு வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம், அதுவும் வாங்கிய உங்கள் மேல்தான். "பாதி கேஷ், பாதி அக்கவுண்ட்" என்று பிரித்தாலும் ரொக்கப் பங்கு 2 லட்சத்தைத் தொடக் கூடாது. அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும், வரும் எஸ்.எம்.எஸ்ஸும் சாட்சி இல்லை. உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்புத் தொகை ஏறியதைப் பார்த்த பிறகுதான் சாவி.

ஒப்படைக்கும் நாள்

காலையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது: சேசிஸ் பிரிண்ட், அதாவது வண்டியின் உடம்பில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணைத் தாளில் தேய்த்து எடுப்பது. பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு இதைக் கேட்பார்கள். எண் எங்கே குத்தியிருக்கிறது என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். பல கார்களில் முன் சீட்டுக்கு அடியிலோ பேனட்டுக்குள் பின்சுவரிலோ இருக்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் அந்த இடத்து அழுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். மெல்லிய வெள்ளைத் தாளை நகராமல் பிடித்து, பென்சிலைச் சாய்த்து வைத்து ஒரே திசையில் தேயுங்கள். அழுத்தினால் தாள் கிழியும். எழுத்துகள் வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் எழுந்து வரும். மூன்று நான்கு பிரதி எடுத்து வைத்தால் மறுபடி குனிய வேண்டியதில்லை.

பாரம் 29 என்பது நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கும் தகவல்: இன்னாருக்கு இன்ன தேதியில் விற்றுவிட்டேன். பாரம் 30 என்பது பெயர் மாற்ற விண்ணப்பம். இருவர் கையெழுத்தும் வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து எண் வாங்கி, காகிதங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கலாம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட் வைத்தால் அவர் கூலி தனி. எங்கள் யோசனை: விண்ணப்பத்தை வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், பணம் வாங்கிய அன்றே இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆன்லைனில் போட்டுவிடுங்கள். உங்கள் ஓ.டி.பி. அப்போதே போய்விடும். 2 ஆயிரம், 3 ஆயிரம் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் பரவாயில்லை. நிம்மதியின் விலை அது.

புளியரை தாண்டிப் புனலூர், கொல்லம் பக்கத்து ஆள் வாங்கினால் பாரம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று எடுக்க வேண்டும். அங்கே மறுபதிவு, வரி என்று அவருக்கு வேலை அதிகம். அதனாலேயே தமிழ்நாட்டு எண்ணில் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல், சான்று கைக்கு வந்த பிறகே வண்டியைக் கொடுங்கள்.

பிறகு டெலிவரி நோட். ஒரு முத்திரைத்தாளில் இப்படி இருந்தால் போதும்:

"டி.என். 72 ... எண்ணுள்ள காரை, சேசிஸ் எண் ..., என்ஜின் எண் ..., மீட்டரில் 62,418 கி.மீ. காட்டும் நிலையில், முழுத்தொகை ரூ. 4,30,000 பெற்றுக்கொண்டு, இன்று ... தேதி காலை 11 மணி 20 நிமிடத்துக்கு ஒப்படைத்தேன். இந்த நேரத்துக்கு முந்தைய அபராதம், வழக்கு என் பொறுப்பு. பிந்தையவை வாங்குபவர் பொறுப்பு. 30 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வாங்குபவர் சம்மதிக்கிறார்."

நிமிடம் வரை எழுதக் காரணம் உண்டு. சாவி வாங்கியவர் அதே நாள் மத்தியானம் சாலைப்புதூர் சுங்கச்சாவடி தாண்டிப் போய் ஒரு கேமராவில் சிக்கினால், தேதி மட்டும் இருக்கும் தாள் யாருக்கும் உதவாது. இரண்டு பிரதி, இரண்டு சாட்சி, வாங்குபவரின் ஆதார் நகலில் அவர் கையெழுத்து, வண்டி முன் அவர் சாவியோடு நிற்கும் ஒரு போட்டோ. இதோடு ஒரு எச்சரிக்கை: இந்தத் தாள் போலீஸில் பேசுவதற்கும், நீங்கள் கட்ட நேர்ந்ததை அவரிடம் திருப்பிக் கேட்பதற்கும்தான் உதவும். விபத்தில் அடிபட்டவருக்கு எதிராக இதைக் காட்டித் தப்ப முடியாது. அதற்குப் பெயர் மாறியிருக்க வேண்டும்.

வண்டி கிளம்பும் முன் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கை உரித்து, கொடுத்த வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். விட்டால் நாங்குநேரி சுங்கச்சாவடியில் அவர் கடக்கும்போதெல்லாம் உங்கள் பணம் போகும். புளூடூத்தில் ஏறியிருக்கும் போன் தொடர்புகள், மேப்பில் வீட்டு முகவரி, டேஷ்கேம் கார்டு ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு சாவியும் கொடுத்ததாக நோட்டில் எழுதுங்கள்.

பிறகு

இன்சூரன்ஸை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். பெயர் மாறும்வரை அந்த மூன்றாம் நபர் காப்பீடுதான் உங்களுக்கும் கேடயம். சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவருக்குத் தானாகவே போய்விடும். ஆனால் 14 நாளுக்குள் அவர் கம்பெனியில் விண்ணப்பித்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் எங்காவது இடித்தால், வண்டிச் சேதத்துக்கு அவருக்கும் பணம் வராது, உங்களுக்கும் வராது. இதை அவரிடம் சொல்லுங்கள். பெயர் மாற்றம் தானாக வேகம் பிடிக்கும்.

பாலிசியில் இருக்கும் நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும். பெயர் மாறிய ஆதாரத்தைக் காட்டிக் கம்பெனியிடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். புது காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 20 ஆயிரம் என்று வைத்தால், 50 சதவீதக் கடிதம் 10 ஆயிரம் மிச்சம் செய்யும். கன்சல்டிங்கில் விற்பவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வாரம் ஒருமுறை எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஓனர் பெயரில் சில எழுத்துகள் மறைந்து வந்தாலும், உங்கள் முதலெழுத்து போய்விட்டதா என்பது தெரியும். 30 நாள் தாண்டியும் மாறவில்லை என்றால், வாங்கியவருக்குப் போன் பண்ணிக்கொண்டே இருப்பதில் பிரயோசனம் இல்லை. பாரம் 29, டெலிவரி நோட் நகல், அவர் ஆதார் நகல் மூன்றையும் வைத்து ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். பெயர் மாறிய பிறகும் அந்தக் கோப்பைக் கிழித்துப் போட வேண்டாம். விற்ற நாளுக்கும் பெயர் மாறிய நாளுக்கும் இடையில் நடந்த எதற்காவது நோட்டீஸ் இரண்டு வருடம் கழித்தும் வரலாம். அப்போது தேடுவது அந்த 11 மணி 20 நிமிடத்தைத்தான்.